பத்திரிகை அட்டையில் ஒரு ஸ்டேஷன்

அட்டையை வெட்டுவதற்கு முன்னால் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும், அடக்கிக்கொண்டு வெட்டினால் கை இறுகிக் கத்தி கோணிவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டே வெட்டுவார், ஆனால் செண்பகவடிவுக்கு இப்போது மூச்சு விடுவதே பெரிய சத்தமாகப் பட்டது. உள் அறையில் அவள் கணவர் ஆவுடையப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்த மாத்திரையின் தூக்கம். அது எப்போது கலையும் என்று சொல்ல முடியாது, சில நாள் விளக்கேற்றும் நேரம் வரை இழுக்கும், சில நாள் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தாலே போயிற்று. எழுந்ததும் நேரே இந்த முன் அறைக்குத்தான் வருவார். வந்ததும் மேஜையைப் பார்ப்பார். மேஜை என்று பேர்தான், அறையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிற பிளைவுட் பலகை அது, அதன் மேல் சுற்றி வந்து தன்னிடமே சேருகிற தண்டவாளம், ஒரு பொம்மை இன்ஜின், மூன்று பெட்டி, மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றித் தூவிய புல், தீக்குச்சியில் செய்த வேலி, துணிதைக்கிற ஊசியை நட்டுச் செய்த சிக்னல் கம்பம், இத்தனைக்கும் நடுவில் இப்போது ஒரு வெறும் இடம். அந்த வெறும் இடத்தைப் பார்த்ததும் கேட்பார். நேற்றும் கேட்டார், இன்று காலையிலும் கேட்டார். என் ஸ்டேஷன் எங்க, என் ஸ்டேஷனை எவன் எடுத்தான். அதற்குப் பிறகு நடப்பதை நினைக்க வேண்டாம் என்று அவள் இரும்பு ஸ்கேலை இடது கையால் அழுத்தினாள், அழுத்தியதும் மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது, நேற்று அவர் முறுக்கிய இடம், நினைக்க வேண்டாம் என்றாலும் கை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

எவனும் எடுக்கவில்லை, அவரேதான். நேற்று அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்து விரல் நுனியால் கதவைத் தள்ளினார். அது கதவு இல்லை, அட்டையில் வரைந்த கோடு, வரைந்ததும் அவர்தான். கதவத் திறங்கய்யா, பாசஞ்சர் எல்லாம் வெளிய நிக்குல்லா என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார், பிறகு அதட்டினார், பிறகு இரண்டு உள்ளங்கையையும் கூரைமேல் வைத்து அழுத்தினார். அடுப்படியிலிருந்து அவள் ஓடி வருவதற்குள் சுவர் நான்கும் விரிந்து கிடந்தன. அதோடு விட்டாரா, அத்தனையையும் பொறுக்கிக் குளியலறை வாளியில், ஊறவைத்த துணி மாதிரி, தண்ணீரில் அமுக்கி வைத்துவிட்டு வந்து, ஸ்டேஷன் எங்க என்று கேட்டார். ஈரக் கையோடு கேட்டார். ஓய்வுபெற்று வந்த முதல் வருஷம் முழுக்க உட்கார்ந்து செய்தது அது, தாழைக்குறிச்சி ஸ்டேஷன், அவர் முதன்முதலாக ஸ்டேஷன் மாஸ்டராகப் பொறுப்பேற்ற இடம், ஓடு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டியது. வாளியில் கைவிட்டுப் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் கூழ்தான் வந்தது. அது இருந்தவரைக்கும் அவர் இருந்தார், அதுதான் விஷயம். மகன் பேர் மறந்தது, வீட்டு வழி மறந்தது, வேட்டி கட்ட மறந்தது, ஆனாலும் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்த்தி ரயிலை ஓடவிட்டால் பொழுது சாயும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார், வண்டி வரும்போது கையைத் தூக்குவார், போனதும் இறக்குவார், அவள் பாட்டுக்கு உலை வைக்கலாம், துணி காயப்போடலாம், குளிக்கக்கூடச் செய்யலாம். இப்போது குளிக்கப் போனால் வாசல் கதவின் பூட்டை ஆட்டுகிற சத்தம். போன வாரம் ரயிலை ஓடவிடவும் வாசலைப் பூட்டவும் மறந்த ஒரே ஒரு தடவை பைபாஸ் வரைக்கும் போய்விட்டார், லாரிக்காரன் ஒருவன் இறங்கிக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தான், இல்லாவிட்டால் என்று அந்த இடத்திலேயே வந்து வந்து நிற்கிறது நினைப்பு, இல்லாவிட்டால், இல்லாவிட்டால்.

காலையில் இளங்கோ பூனாவிலிருந்து பேசினான். “அம்மா, நாகர்கோவில் பக்கம் சொன்னேம்லா, மறதிக்காரங்களப் பாத்துக்கிடுத அந்த இல்லம், அதுல ஒரு கட்டில் காலியாயிருக்காம். சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். சரின்னா நாளைக்கே வண்டி அனுப்பிருவாங்க.” அவள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். “அம்மா, கேக்கியா? உன் கையி வீங்கியிருக்கத நேத்து வீடியோவுல பாத்தேன். முந்தானைய இழுத்து மூடுனா எனக்குத் தெரியாதா?” அவன் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. மாதாமாதம் வந்து போகிறான், வந்தால் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிறான், போகும்போது படியில் நின்று அழுதுவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறுகிறான். “சாயங்காலம் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டாள். வைத்த கையோடு பீரோவைத் திறந்து, கல்யாணப் பத்திரிகைகள் போட்டுவைத்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். ஸ்டேஷன் அந்த இடத்தில் இருந்தால் அவர் உட்காருவார், உட்கார்ந்தால் சாயங்காலம் இளங்கோவிடம் வண்டி வேண்டாம் என்று சொல்லலாம். இவ்வளவுதான் கணக்கு. இது சரியான கணக்கா என்று திருப்பிப் பார்க்கப் பயந்து, அவர் தூங்கியதும் வெட்ட ஆரம்பித்திருந்தாள்.

கடைக்குப் போய் அட்டை வாங்க முடியாது, அவரைத் தனியே விட்டுப் போக முடியாது, பத்திரிகைதான். நல்ல கனமான பத்திரிகைகள், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அட்டையின் கனம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது, கடைசியாக வந்த ஒன்றை மடிக்கவே முடியவில்லை. மடிக்கிற இடத்தில் வெட்டக் கூடாது, தீர்ந்துபோன ரீஃபில் முனையால் கோடு இழுத்தால் போதும், அட்டை அந்த வழியே தானாக மடங்கும். சன்னல் ஓட்டைகளைச் சுவரை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், ஒட்டிய பிறகு வெட்டினால் சுவர் நசுங்கும். மூலைக்கு உள்பக்கம் தீக்குச்சி முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு ஆள் கட்டைவிரலின் மேல் கணு உயரம், கதவு அதைவிடக் கொஞ்சம் அதிகம். இதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்த நேரத்தில் காதில் விழுந்தது, இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று தெரியாமல் இப்போது ஒவ்வொன்றாக அவர் குரலிலேயே வருகிறது. குரல் வந்தால் ஆளும் வருகிற மாதிரி இருக்கிறது, அட்டைய முறுக்காதட்டி, தடவிக் குடு, அது படியும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் உள்ளே குறட்டை விடுகிறாரா. எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிப் போட்டு வெட்டினாள். வெளியே வெள்ளைச் சுவர், உள்ளே பொன் எழுத்தில் யார் யாருடைய பேரோ, பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு, சுற்றமும் நட்பும் சூழ. பக்கச் சுவருக்குப் போன பத்திரிகையின் பெண் கல்யாணமாகி ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள், பின் சுவருக்குப் போனதின் மாப்பிள்ளை செத்தே போய்விட்டான், நாம் எதை வைத்து எதைக் கட்டுகிறோம் என்று ஒரு பயம் எழுந்து, அட்டைதானே, வெறும் அட்டைதானே என்று அதை அமுக்கினாள், நேற்று அவர் வாளியில் அமுக்கியது போல.

முன் சுவரில் வந்து நின்றுவிட்டது. சீட்டு கொடுக்கிற சன்னல் கதவுக்கு இடது பக்கமா, வலது பக்கமா. பென்சிலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கல்யாணமான புதிதில் தாழைக்குறிச்சியில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம், இளங்கோ நடை பழகியதெல்லாம் அங்கேதான். கண்ணை மூடினால் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, துணி காயப்போட்ட கம்பி தெரிகிறது, பின் கதவு தெரிகிறது, அதன் பச்சைப் பெயிண்டில் யாரோ ஆணியால் கீறிய கோடுகூடத் தெரிகிறது. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய் அந்தப் பின் கதவில்தான் தட்டுவாள், அவர் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்வார். நிற்காமல் போகிற வண்டிக்குக் கொடி காட்ட அவர் நடைமேடையில் நிற்பதை அடுப்படிச் சன்னல் வழியே பார்ப்பாள், பார்த்ததெல்லாம் முதுகு. ஊருக்குப் போனால் பாஸ் உண்டு, சீட்டு எடுத்ததே இல்லை. வண்டி நிற்கிற ஒரு நிமிஷத்தில் குழந்தையையும் பையையும் ஏற்றுவதற்கே சரியாக இருக்கும், திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம். சரி, அதை விடு, இந்தப் பொம்மை ஸ்டேஷன் இத்தனை வருஷமாக வீட்டில் இருந்ததே, வாரத்துக்கு ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டியவள் நீதானே. இடது என்று நினைத்தால் இடதுபக்கம் தெரிகிறது, வலது என்று நினைத்தால் வலதுபக்கம் தெரிகிறது. தப்பாகிவிட்டால் கண்டுபிடித்துவிடுவார், பெற்ற பிள்ளையை யாருங்க தம்பி நீங்க என்று கேட்கிற மனுஷன் இதைக் கண்டுபிடித்துவிடுவார், இது என் ஸ்டேஷன் இல்ல என்பார், அத்தனையும் பாழ், நாளைக்கு வண்டி. இடது, வலது. ஒரு மனுஷனோடு இத்தனை காலம் இருந்துவிட்டு அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தான் என்று தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு திடீரென்று ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது, எப்போதோ யாரிடமோ அவர் பெருமையடித்தது, இந்தக் கையில போனு, இந்தக் கையில சீட்டு, நடுவுல டீ, எல்லாம் ஒரே ஆளு. இடது கையைக் காதில் வைத்து, வலது கையை நீட்டிக் காட்டினார். அவர் நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதாக வைத்து அவளும் வலது கையை நீட்டிப் பார்த்தாள், வெளியே நிற்கிறவனுக்கு அது எந்தப் பக்கம் என்று சுவரைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள், இடது என்று முடிவு கட்டி, மனசு மாறுவதற்குள் வெட்டிவிட்டாள்.

அப்போதுதான் தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது, வெங்காயம், வெங்காயம், நாசிக் வெங்காயம், ஒலிபெருக்கியில் பதிந்து வைத்த குரல், வண்டி திரும்பி இந்தத் தெருவுக்குள்தான் வருகிறது. பெவிகால் அப்பிய கையோடு ஓடினாள், பூட்டைத் திறந்து வாசலுக்குப் போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினாள். வண்டிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, எத்தன கிலோ?”

“வெங்காயம் வேண்டாம்யா. வீட்டுக்காரவிய தூங்குதாவ. ஒடம்பு சரியில்ல. இந்தத் தெருவ மட்டும் சத்தமில்லாமத் தாண்டிப் போயிருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவள் கும்பிட்டதைப் பார்த்து அவர் பதறிப்போய், “இதுக்கு எதுக்கும்மா கும்பிடுதீய, நான் போயிருதேன்” என்று வண்டியைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து பூட்டிவிட்டு நின்று கேட்டாள். குறட்டை வந்துகொண்டிருந்தது. சுவர்களைச் சேர்த்து ஒட்டி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட்டு, ஓட்டுக் கூரைக்கு அட்டையை நாடா நாடாவாக நறுக்க ஆரம்பித்தாள். நாடாவின் ஓர் ஓரத்தில் கத்திரியால் சின்னச் சின்ன வெட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கீழிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போனால் ஓடு வேய்ந்த மாதிரி இருக்கும். மடியெல்லாம் துணுக்கு விழுந்தது.

எத்தனையாவது வரிசை என்று தெரியாது, குறட்டை நின்றது. எழுந்துவிட்டார் என்று கத்திரி அப்படியே நின்றது. கட்டில் சத்தம் இல்லை. கால் ஊன்றுகிற சத்தம் இல்லை. இருமல் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், நாலு எட்டு வைத்தால் கதவு. அவள் போகவில்லை. ஒரு நாடாவை எடுத்துப் பசை தடவி ஒட்டினாள். அடுத்த நாடாவை எடுத்தாள். இப்படியே ஆகிவிட்டால், என்று ஒரு நினைப்பு, தன்னுடையது மாதிரியே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து வேறு யாரோ மெல்லச் சொல்கிற மாதிரி வந்தது, இப்படியே தூக்கத்திலேயே, யாருக்கும் எதுவும் தெரியாமல், வண்டியும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம், அந்நிய ஊரில் அந்நியக் கை அவரைக் குளிப்பாட்ட வேண்டாம், கத்தினால் கட்டிப்போடுவார்களாமே, அதெல்லாம் வேண்டாம், இப்படியே. அந்த நினைப்பை அவள் விரட்டவில்லை. அதை உட்காரவிட்டு இன்னொரு நாடா ஒட்டினாள், கை நடுங்கவே இல்லை, இதுவரை ஒட்டியதிலேயே அந்த வரிசைதான் நேராக வந்திருந்தது. அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்துக் கத்திரியைப் போட்டுவிட்டு எழுந்தாள், எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது, சாய்ந்த சத்தத்துக்கு உள்ளே ஒரு பெரிய இழுப்பு, பிறகு குறட்டை, பழையபடி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையாரே என்றாள். வேறு ஒன்றும் வரவில்லை. சாமியிடம் எதைக் கேட்பது, அவர் எழ வேண்டும் என்றா, எழ வேண்டாம் என்றா.

கூரைக்குக் காவி பூசக் கடையில் வாங்கிய வண்ணம் இல்லை, கோலத்துக்குக் கரைக்கிற செம்மண் காவியைத்தான் குழைத்துத் தடவினாள். நன்றாகவே பிடித்தது. சன்னலுக்குச் சட்டைப் பெட்டியின் கண்ணாடித் தாள். பேர்ப்பலகைக்கு மஞ்சள்தூள் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கறுப்புப் பேனாவால் தாழைக்குறிச்சி என்று எழுதினாள், இந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்க வேண்டும், இங்கிலீஷில் எழுதினாள், இந்தி எழுத்து தெரியாது, கோடு மட்டும் போட்டு அடியில் நாலு வளைவு தொங்கவிட்டாள். வெறும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கூரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி இருந்தது, சுவரில் பசை வடிந்த தடம், ஆனால் ஸ்டேஷன்தான், யார் பார்த்தாலும் ஸ்டேஷன் என்றுதான் சொல்வார்கள். நாற்காலியைத் துடைத்து அதன் முன்னால் போட்டாள். இன்ஜினின் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தாள், ஓடிற்று. மனசுக்குள் இளங்கோவிடம் பேசவே ஆரம்பித்துவிட்டாள், வண்டி வேண்டாம்ல, அப்பா உக்காந்துட்டாவ, நீ அடுத்த மாசம் வரும்போது நல்ல அட்டையா வாங்கிட்டு வா, பழையபடிக்கு ஆயிட்டாவ.

ஆவுடையப்பன் எழுந்து வந்தது அவளுக்குக் கேட்கவே இல்லை. திரும்பியபோது கதவருகில் நின்றுகொண்டிருந்தார். வேட்டி ஒழுங்காக இருந்தது. முகத்தில் அந்த வெறி இல்லை, கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள், மேஜை முழுவதும் தெரியட்டும் என்று. அவர் பார்த்தார். கண் ஸ்டேஷன் மேல் வந்தது, அதைத் தாண்டிச் சன்னலுக்குப் போயிற்று, அங்கிருந்து மின்விசிறிக்குப் போயிற்று.

“காப்பி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு. போடுதேன். உக்காருங்க.” கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள். உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். “இங்க பாருங்க. ஒங்க ஸ்டேஷன்.”

“ஓ” என்றார்.

“தாழைக்குறிச்சி. பேரு போட்டிருக்கு பாருங்க.”

அவர் மரியாதைக்குக் குனிந்து பார்த்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளை வரைந்த படத்தைக் காட்டினால் பார்ப்பது போல. “நல்லாருக்கு” என்றார். “நல்லா செஞ்சிருக்காங்க.”

அவள் ஸ்விட்சைப் போட்டாள். ரயில் சுற்றி வந்து ஸ்டேஷனைத் தாண்டியது. அவர் கை மடியிலேயே கிடந்தது. இன்னொரு சுற்று வந்தது. கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்பக் கையைப் பார்த்தாள். ஒருவேளை தூக்கக் கலக்கமோ, ஒருவேளை மாத்திரை அதிகமோ, ஒருவேளை நான் மறைக்கிறேனோ என்று தள்ளி நின்றாள். மூன்றாவது சுற்றும் போயிற்று. காலையில்கூடக் கேட்டாரே. காலையில் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கேட்டாரே. காலைக்கும் இப்போதைக்கும் நடுவில், அவள் ஓடு நறுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் தூக்கத்துக்குள்ளே, அந்த நினைவும் கழன்று போய்விட்டிருக்கிறது. அவள் பயந்துகொண்டிருந்தது எல்லாம் அவர் கேட்பாரே என்றுதான். கேட்காமல் போவார் என்று ஒரு பயம் இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது.

“என்னங்க, ஒங்க ஸ்டேஷன். நீங்க வேல பாத்த ஸ்டேஷன். காலையில கேட்டீயல்லா?”

“அப்படியா?”

“கேட்டீய. எவன் எடுத்தான்னு கேட்டீய.” அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். “இப்பக் கேளுங்க. என் ஸ்டேஷன் எங்கன்னு ஒரு வாட்டி கேளுங்க.”

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸில் இடம் கொடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அவள் அவர் தோளை உலுக்கினாள், “கேளுங்க, கேட்டுத் தொலைங்க, கையத்தான் முறுக்குங்களேன், கத்துங்க!” என்று குரல் போகிற போக்குக்குப் போயிற்று, தெருவுக்கே கேட்டிருக்கும், அவர் பயந்து நாற்காலியில் ஒடுங்கினார், கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார், அப்போதும் அவளால் நிறுத்த முடியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை, இளங்கோவின் குரல் காதுக்குள் கேட்டது.

“அம்மா! அம்மா, என்னாச்சு? யாரு கத்துதது? அப்பாவா?”

அவள் தரையில் உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் கையைக் கொஞ்சம் கீழே இறக்கி, அவளை எட்டிப் பார்த்தார்.

“இல்லல. நாந்தான்.”

“அப்பா?” என்றான்.

“ஒக்காந்திருக்காவ. ஒண்ணும் கேக்கல. ஸ்டேஷனக் கேக்கல. இனிமே கேக்க மாட்டாவ போலுக்குல.”

அவன் புரிந்துகொண்டு மெதுவாக அழுகிறான் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. பிறகு, “அப்ப அந்த இல்லத்துல உள்ளவங்களுக்கும் சிரமம் இருக்காதும்மா. அப்பாவுக்கும் பழகிரும். நாளைக்கு வண்டி வரச் சொல்லட்டா?” என்றான்.

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மேலே பார்த்தாள். அந்த மனுஷன் பயம் தெளியாமல், ஆனாலும் இவளுக்கு என்னவோ கஷ்டம் என்று மட்டும் புரிந்தவராக, அவள் தலையில் ஒட்டியிருந்த ஒரு அட்டைத் துணுக்கை இரண்டு விரலால் எடுத்து, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்ல” என்றாள். “அப்பாவுக்கு இனிமே எங்க இருந்தாலும் ஒண்ணுதான். எனக்குத்தான் இங்கயும் அங்கயும் ஒண்ணு இல்ல.”